தகரக் கூரையின் கீழ் ஆறாம் வகுப்பு

லெசோத்தோவில், மொகோட்லோங் மலையில்
ஆலங்கட்டி விழத் தொடங்கினால்
தகரக் கூரை என் வாயைப் பொத்திவிடும்.
கத்திப் பார்த்திருக்கிறேன்.
நாற்பத்து மூன்று பிள்ளைகளும்
என் உதட்டசைவைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அன்றும் அப்படித்தான்.
ரெலெபோஹிலே எழுந்து வந்து
காதருகே ஏதோ கேட்டாள்.
கோடையில் ஐஸ் எப்படி விழும்
என்றுதான் இருக்க வேண்டும்.
பதில் நாக்கு நுனியில் இருந்தது.
கூரை விடவில்லை.
மூலையைக் கைகாட்டினேன்.

நூலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம்.
ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு ஆப்பிள் பெட்டிகள்.
முதுகு கிழிந்த புத்தகங்களுக்கு
மாவுச்சாக்கில் அட்டை.
போன தவணையில் பிள்ளைகளே
நூல் கட்டிப் பிரித்தார்கள்:
வானத்துக்கு நீலம்,
உடம்புக்குச் சிவப்பு,
எதிலும் சேராததற்கு மஞ்சள்.
மஞ்சள்தான் அதிகம்.

அவள் நேரே நீலத்துக்குப் போகவில்லை.
அகராதியை எடுத்தாள்.
வீட்டில் அதன் பெயர் செஃபாகோ.
புத்தகத்தில் என்ன பெயரோ?
விரல் வரிவரியாக இறங்கி
ஓரிடத்தில் நின்றது.
பிறகு நீலநூல் புத்தகம்,
அதன் கடைசிப் பக்கத்து அகரவரிசை,
அந்தச் சொல்லெதிரே ஓர் எண்.
எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டாள்:
புரட்டிய பக்கத்தில் ஒரு ராட்சத பலூன்.
எட்டிப் பார்த்த ட்சேபாங்
பலூனோடு உட்கார்ந்துவிட்டான்.
அவனிடமிருந்து பிடுங்கித்தான்
மீண்டும் தேட வேண்டியிருந்தது.

கூரை ஓய்ந்தது.
தொண்டையைச் செருமிக்கொண்டு
பாடத்தை விட்ட இடத்தில் எடுத்தேன்.
அவள் இடம் காலி.

முற்றத்தில் குந்தியிருந்தாள்,
பென்சில் சீவும் பிளேடோடு.
கால்மாட்டில் நோட்டு, ஈரத்தில் மை பரவி:

"புத்தகம்: வெங்காயம் மாதிரி பல அடுக்கு.
நான் வெட்டியது: ரெண்டு.
பிளேடு மொட்டை. கை சூடு.
எண்ணுறதுக்குள்ள தண்ணி.
அடுத்த தடவை கம்பளியில் பிடிக்கணும்."

நான் சொல்லவிருந்த பதில்
மலை உயரம், அதனால் குளிர் என்பது.
பாதி தப்பு.
அது தெரிய வியாழன்வரை காத்திருந்தேன்;
புத்தகம் அவளிடம் இருந்தது.
இரவல் ஏட்டில்
அவள் பெயருக்குக் கீழே என் பெயர்.

மக்காச்சோளம் பால்பிடிக்கும் மாதம் இது.
இன்னொரு கல்மழை வேண்டாமென்று
ஊரே மேகத்தைப் பார்க்கிறது.
கம்பளியைத் தயாராக மடித்துவைத்து
ஒருத்தி மட்டும்
வேறு மாதிரிப் பார்க்கிறாள்.
அவள் வீட்டுச் சோளமும்
அந்தச் சரிவில்தான் நிற்கிறது.