மறுகா

கல்முனையில் ஏறும்போதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.
தலைக்கு நேர்மேலே ஸ்பீக்கர்.
மடியில் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு, பதினாறு பக்கம்,
விடிந்தால் அச்சேற வேண்டும்.

"மறுகா வா, மறுகா வா,
வராட்டிப் போ."

அவ்வளவுதான் பாட்டு. மிச்சமெல்லாம் மெஷின் அடி.
பின் சீட்டுப் பெடியன்கள் ஜன்னல் தகரத்தில் தட்டுகிறார்கள்.
ஓந்தாச்சிமடத்தில் ஏறிய பிள்ளைத்தாய்ச்சி
கம்பியைப் பிடித்தபடி
தோளை மட்டும் ஆட விடுகிறாள்.

நான் வெண்பாவில் சீர் பார்க்கிறேன்.
போன கிழமை இதே வெண்பா இராசையாவுக்கு.
புலவர் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்.
வேலாப்போடி நாலசை,
அடிக்குள் அடங்காமல் முட்டிக்கொண்டு நிற்கிறார்.
சிவப்புப் பேனையால் சுழித்தேன்.

தேத்தாத்தீவு தாண்ட, திரும்பவும் அதே பாட்டு.
இந்த முறை சொல் காதில் தடக்கியது.

மறுகா.
"மறுகா என்ன நடந்த?" என்று
எந்தக் கதையையும் இங்கே இழுத்துப் போவது அதுதான்.
பிறகு. அதற்கும் பிறகு.
ஆனால் மறுகுதல் என்றொரு வினை உண்டு:
சுழலுதல், மனம் கலங்குதல்.
அப்படியென்றால் மறுகா, கலங்காமல்.
பிறகு வா. கலங்காமல் வா.
சுழலாமல் வா என்று சொல்லிச் சொல்லியே
ஒரு பஸ்ஸைச் சுழல விடுகிறான் பாவி.

வராட்டிப் போ.
வராதவன் எங்கேயிருந்து போவான்?
வந்திராத ஒருவனைப் போகச் சொல்ல
நான் படித்த இலக்கணத்தில் விதி இல்லை.
தொண்ணூறாம் ஆண்டு ஆவணியிலிருந்து
எங்கள் வீட்டில் அம்மா
சொல்லாமல் வைத்திருக்கும் வசனம் அது.
ஆறு வயதுப் பிள்ளைகள் அதற்கு ஆடுகிறார்கள்.

கண்டக்டரிடம் கேட்டேன், இது ஆர் எழுதின?
"பாட்டையா? ஆரோ கரடியனாற்றுப் பெடியன் அக்கா.
இப்ப கட்டார்ல."
மறுகா?
"மறுகா என்ன, அவன் பாட்டு எழுதுறல்ல.
சாமான் ஏத்துறான்."

டிக்கெட்டின் பின்புறம் இரண்டு வரியையும் எழுதினேன்.
'வராட்டி' கொச்சை;
'வராவிட்டால்' என்று திருத்தப் பேனை தானாகக் குனிந்தது.
எழுதிப் பார்த்தேன். ஆட முடியவில்லை.
வெட்டியதை மீட்டு அடியில் புள்ளிகள் வைத்தேன்.
அச்சகத்தில் அதற்கு
இருக்கட்டும் என்று அர்த்தம்.

கல்லடிப் பாலத்தில் பஸ் ஒருக்கால் குலுங்கியது.
கடைசிப் புள்ளி தவறி
வேலாப்போடியின் அடியில் விழுந்தது.