முழு நிமிஷம்

சட்டையைத் தூக்கிப் பிடி என்றேன்.
ஏழு மாதம். ஆறு கிலோ இருநூறு.
அழுதால் எண்ண முடியாது,
பால் குடித்தாலும் முடியாது.
நாற்பதில் ஒருமுறை விட்டுப்போய்
மறுபடி ஒன்றிலிருந்து.

"மார்கழிப் பனி சிஸ்டர், வெறும் சளிதான்"
என்கிறான் சென்னவீரப்பா,
ஓசூர் கம்பெனியிலிருந்து நேற்றுத்தான் லீவில் வந்தவன்.
நான் வாய் திறக்கவில்லை.
திறந்தால் கணக்குப் போய்விடும்.

அறுபத்தி நாலு.
விலாவுக்குக் கீழே ஒவ்வொரு இழுப்புக்கும்
ஒரு குழி விழுந்து மேடாகிறது.
கால் விரலில் மாட்டிய கருவி எண்பத்தெட்டு என்கிறது.
தொப்புளைச் சுற்றி நான்கு கரும்புள்ளி,
புதுசு, மஞ்சளைக் கொளுத்திச் சுட்டது.
யார் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.
நேரம் இல்லை.

மாத்திரையைக் கரண்டியில் போட்டுத்
தாய்ப்பால் பீய்ச்சச் சொன்னேன். கரைந்தது.
பாதியைத் துப்பினான்.

அஞ்செட்டி தாண்டி மூன்றாவது வளைவில்
நூற்றியெட்டு நின்றது. விளக்கை அணைத்தார் டிரைவர்.
ராகிக்கு இறங்கிய கூட்டம்
ரோட்டைக் கடக்கிறது.
பைக்கில் உட்கார்ந்தபடி வனக்காவலர்
வாய்க்குள் எண்ணுகிறார்:
பதினொன்று, பன்னிரண்டு, குட்டியோடு பதிமூன்று.
உள்ளே நானும் எண்ணுகிறேன்.
அவர் கணக்கு நடக்கிறது,
என் கணக்கு ஓடுகிறது,
சிலிண்டரின் முள் இறங்குகிறது.

எதுவரை போனால் பயம் என்று
கன்னடத்தில் கேட்டாள் முனிரத்னா.
ஐவத்து என்றேன். ஐம்பது.
செல்போனில் வினாடி ஓடுவதைக் காட்டினேன்.
வயிறு ஏறி இறங்கினால் ஒன்று.
அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்காதே,
பிள்ளை மூச்சு ஒரே சீராய் வராது.
அவள் உதடு அசைந்தது. சத்தமில்லை.

கடைசியாக ஒற்றைக் கொம்பன்
நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.
பத்தொன்பது என்று எழுதிக்கொண்டார் அவர்.

தேன்கனிக்கோட்டை ஆஸ்பத்திரியில்
கையெழுத்துப் போட விரல் மடங்கவில்லை எனக்கு.
டாக்டரம்மா ஸ்டெத்தை
உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கித்தான்
அவன் மார்பில் வைத்தார்.
அன்றைக்கு அது போதும்.

வார்டில் ஐந்து நாள்.
பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம்,
நான் துணி அலசிக்கொண்டிருக்கையில் போன்.
ஹலோகூட இல்லை.
"மூவத்தெண்டு" என்றாள்.

முப்பத்தெட்டு.
தூங்கும்போதா எண்ணினாய்?
ஆமாம்.
முழு நிமிஷமா?

மறுமுனையில் பேச்சில்லை.
திரும்ப எண்ணுகிறாள்.