பதினேழாம் கம்பம்

வக்கீல் கேட்டார்: உங்க ஊர் எப்போலேர்ந்து இருக்கு?
எழுதிக்கிட்டு வாங்க. ஒரு பக்கத்துக்கு மேல வேணாம்.

உப்பளத்துக்கு வடக்கே, ரயில் பாதைக்குக் கிழக்கே,
கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று
ஆறு யோசிக்கிற இடத்தில் இருக்கிறோம்.
முப்பத்தொரு வீடு.
புயலுக்கு முன்னால் முப்பத்து நாலு.

முதலில் வந்தவர் துளுக்காணம்.
உப்புக் கம்பெனி காவலுக்கு வைத்த ஆள்.
காவலுக்கு ஒரு கொட்டகை, கொட்டகைக்கு ஒரு சட்டி,
சட்டிக்கு ஒரு பெண்டாட்டி.
இந்த வரிசையில்தான் ஊர் உண்டானது.
வருஷம் தெரியாது. சம்பளம் தெரியும்:
பதினாறு ரூபாய், மாதம் ஒரு மூட்டை கசடு உப்பு.
கம்பெனி படுத்துக்கொண்டது.
காவல் போதும், கிளம்பு என்று சொல்ல
அங்கே ஆள் மிச்சமில்லை.

பர்மாவிலிருந்து கப்பலில் வந்த ஒரு குடும்பம்
வியாசர்பாடிக்குப் போகவேண்டியது.
லாரி மாறி ஏறி எங்களிடம் இறங்கியது.
காலையில் போய்விடுகிறோம் என்றார்கள்.
அவர்கள் பேரன் எத்திராஜ் இப்போது
கேட்டுக்குப் பக்கத்தில் அத்தோ கடை போட்டிருக்கிறான்.

பெயர் நாங்கள் வைத்ததில்லை.
மின்வாரியம் வரிசையாகக் கம்பம் நட்டுக்கொண்டு போனது.
பதினேழாவது எங்கள் பக்கம் வந்து நின்றது.
கம்பி தலைக்கு மேலே போயிற்று.
வெளிச்சம் இறங்க இருபத்திரண்டு வருஷம்.
பெயர் அன்றைக்கே இறங்கிவிட்டது.

மாநகராட்சி வடக்கே வளர்ந்த வருஷம்
எல்லைக் கோட்டைத் தடிப் பேனாவால் போட்டுவிட்டார்கள்.
இந்தப் பக்கம் மண்டலம், அந்தப் பக்கம் ஊராட்சி.
சர்வேயர் படத்தில் விரலை வைத்துச் சிரித்தார்:
கோடு ஒரு மில்லிமீட்டர்தாம்மா,
தரையில நூறு மீட்டர்.
அந்த மைக்குள் குடியிருக்கிறோம்.

ரேஷன் அட்டை கேட்கீப்பர் வீட்டு விலாசத்தில்.
ஒரே கதவெண்ணில் முப்பத்தொரு குடும்பம்.
அவருக்கு மாற்றல் வரும்போதெல்லாம்
எங்களுக்குக் காய்ச்சல் வரும்.

பாக்கியநாதன் செத்து ஒன்பது வருஷம்.
மண்டலம் ஊராட்சிக்குப் போ என்றது,
ஊராட்சி மண்டலத்துக்கு.
சான்றிதழ் இல்லாததால் அவர் இன்னும் சாகவில்லை.
உயிரோடு இருக்கிறவர் பெண்டாட்டிக்கு
விதவைப் பென்ஷன் எப்படித் தருவது?
சகாயராணி அதையும் நியாயம் என்றுதான் சொல்கிறாள்.

போன மாதம் துறைமுகச் சாலைக்காக நோட்டீஸ் வந்தது.
எந்த அலுவலகமும் எங்களுக்குப் போட்ட முதல் கடுதாசி.
பதினைந்து நாளில் காலி செய்யவும்.
கோபுர முத்திரை, பச்சை மை, எல்லாம் சரி.
ஊர்ப் பெயரில்தான் ஓர் எண் பிசகு:
பதினெட்டாம் கம்பம் குடியிருப்போருக்கு.

பதினெட்டாவது ஆற்றுக்குள் நிற்கிறது.
அதில் குடியிருப்பது நீர்க்காகம்.

ராத்திரி முழுக்கப் பேசினோம்.
கம்முனு இரு, அது காக்காக்கு வந்த நோட்டீசு,
நமக்கின்னா என்றான் எத்திராஜ்.
சகாயராணி அதற்குள் அதை வாங்கிப்போய்
லேமினேட் செய்துவிட்டிருந்தாள்.
நம்முதுதான்னு சொல்லிடுங்க.
வேற எவன் இதுவரைக்கும் நம்மளக் கூப்ட்டான்?

ஐயா, ஒரு பக்கம் என்றீர்கள்.
அடியில் நாலு வரிக்கு இடம் இருக்கிறது.
நோட்டீஸ் எங்களுடையது என்று எழுதினால்
ஊர் இருந்ததற்கு அத்தாட்சி, ஊர் போய்விடும்.
இல்லை என்றால் ஊர் இருக்கும், அத்தாட்சி போய்விடும்.
எது தோதோ சொல்லுங்கள்,
அதே பேனாவில் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு
தேசம்மா, உப்புக் கூலி,
பதினேழாம் கம்பம்.