மைனஸ் ஏழு

"குளிர்ந்த வானம் எப்படியடா
சூடான நிலத்துக்குச் சூடு தரும்?
உலைக்களத்தில் முப்பது வருஷம் நின்றவன் நான்,"
என்பார் போகுமில்.
சப்ஷெ நகரத்து ஜனவரி.
மொட்டைமாடியில்
விண்மீன்களை நோக்கி வெப்பமானியை நீட்டினார்:
மைனஸ் நாற்பத்தொன்று.
"பார்த்தாயா?"

பிறகு செக் எல்லைப் பக்கமிருந்து
யாரும் கூப்பிடாமல்
ஒரு மேகம்.
மைனஸ் ஏழு.

அதுவும் குளிர்தான்.
ஆனால் விறைத்திருந்த என் காதுமடல்
கொஞ்சம் இளகியது.

ஜெயித்த முகத்தோடு திரும்பினேன்.
"மேகம் தண்ணீர்.
உன் கரியமிலவாயு எங்கே?"

பதில் எனக்கு மனப்பாடம்.
அளந்ததில்லை.

மறுநாள் இரவும் படியேறினார்,
இருமிக்கொண்டே,
முந்தைய கருவியை நம்பாமல்
புதிதாக இரண்டு வாங்கி.
ஒன்று எனக்கு.