பலகை

பலகையை நட்டவன் நான்.
தெருவெல் மலைக்குளிரில் குழி தோண்ட ஒரு நாள் ஆனது.
நடைபாதையைவிட அகலம்:
"ஸ்பெயின் அரசு. பொருளாதார ஊக்கத் திட்டம்.
வேலை பெற்றோர்: ஆறு பேர்."
அந்த ஆறில் நானும் ஒருவன்,
நாலு வாரம்.
மகளுக்குக் கண்ணாடி வாங்கினேன்.

சர்ச் தெருவில் நல்ல கற்கள்தான் கிடந்தன.
ஆண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால்
பணம் திரும்பிப் போய்விடுமாம்.
பெயர்த்தோம்.
புதுக் கல் மேயரின் மச்சினன் குவாரியிலிருந்து வந்தது.
கல்லுக்குத் தெரியுமா யார் மச்சினன் என்று,
ஒழுங்காகத்தான் உட்கார்ந்தது.

வேலையற்றோர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், அது விதி.
ருமேனியாக்காரன் கோஸ்தெலுக்கு இல்லை.
வேலை பார்த்த காலத்திலேயே
எந்த ஏட்டிலும் அவன் பெயர் கிடையாது;
போனதை எப்படி நிரூபிப்பான்?
பழைய கற்களைப் பதித்தது அவன்தான்.

மூன்றாம் நாள் கடப்பாரை குழாயில் இறங்கியது.
எவாரிஸ்தோ பேக்கரியில்
மாவு மூட்டைகள் மேஜைமேல் ஏறின.
வால்வு எங்கே?
வரைபடத்தில் இல்லை.
மேஸ்திரி ஃபெர்மின் போய்
கோஸ்தெலின் கதவைத் தட்டினார்.
வீட்டுச் செருப்போடு வந்தான்.
மூலையில் ஒரு கல்லை மிதித்து
"இங்கே" என்றான்.

ஒரு காபி வாங்கிக் கொடுத்தோம்.

மார்ச்சில் பலகையைப் பிடுங்கச் சொன்னார்கள்;
பிடுங்கக் கூலி ஒதுக்கவில்லை என்றார்கள்.
விட்டுவிட்டேன்.

இப்போது அது கோஸ்தெலின் கோழிக்கூட்டுக்குக் கூரை.
எழுத்து உள்பக்கம்.
குனிந்து முட்டை எடுக்கும்போதெல்லாம்
தலைக்கு மேலே
ஆறு பேர்.