முள் இறங்குகிறது

ஜூலை மாதம். பாயியா பிளாங்காவில்
கடல்காற்று சன்னல் இடுக்குகளில்
கத்தி தீட்டுகிறது.
இந்தக் கட்டடத்தில் பதினொரு நாளாய் எரிவாயு இல்லை.
யாரோ வாடை என்றார்கள்.
கம்பெனி வந்தது, மீட்டரைப் பூட்டியது,
சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டுப் போயிற்று.
மீதியெல்லாம் என் தலையில்.

படியேறும்போதே பஞ்சாயத்து.
இரண்டாம் மாடி ஒடிலியா
முதல் மாடியின் ஹீட்டரைச் சொல்கிறாள்.
முதல் மாடிக்காரர் ஒடிலியாவின் அடுப்பைச் சொல்கிறார்.
"நீங்களே மோந்து பாருங்களேன்."
மூக்கை நான் நம்புவதில்லை.
கொஞ்ச நேரத்தில் சலித்துப்போய்
எந்த நாற்றத்தையும் வீட்டாளாக்கிக்கொள்ளும்.
வாயுவுக்குச் சொந்தமாய் வாடை கிடையாது.
அதில் அழுகிய முட்டையைக் கலக்கச் சொன்னவர் எவரோ,
என் சோற்றில் பாதி அவர் போட்டது.

அடுப்புகளைக் கழற்றி, வாய்களை அடைத்து,
குழாய்க்குள் வெறும் காற்றை ஏற்றுகிறேன்,
சைக்கிள் பம்பால்தான்.
மானோமீட்டரைப் பொருத்திவிட்டுப்
படியில் உட்காருகிறேன்.
அரை மணி நேரம்.
ஸ்பானர் யார் கையிலும் திரும்பும்.
இந்த அரை மணிக்குத்தான் எனக்குக் கூலி.

யாரோ மாத்தே நீட்டினார்கள்,
கரண்டுக் கெட்டிலில் காய்ந்த வெந்நீர்.
முள் அசையவில்லை.
முள் அசையவில்லை.
முள், ஏதோ ஞாபகம் வந்ததுபோல,
மயிரிழை இறங்கியது.

ஒடிலியாவின் கிளையை அடைத்தேன்: இறங்கியது.
முதல் மாடியை அடைத்தேன்: அப்போதும் இறங்கியது.
"நான் சொல்லவில்லையா?"
இருவரும் ஒரே குரலில்.
மூன்றாம் மாடியை அடைத்தேன்.
நின்றது.

இரினேயோ வீடு.
அதுவரை ஒரு வார்த்தை பேசாத மனிதர்.
இணைப்புகளில் சோப்பு நுரை தடவினேன்,
எங்கும் குமிழி இல்லை.
படுக்கையறைச் சுவரில் மட்டும்
வெளுக்காத நீலமாய் ஒரு சதுரம்,
அதன் உச்சியில் ஒரு துளை.

"இங்கே என்ன மாட்டியிருந்தது?"
"படம்."
"எப்போது எடுத்தீர்கள்?"
"பன்னிரண்டு நாளாகிறது.
என் மகன். என்னைப் பார்க்க அவன் வருவதில்லை,
நான் மட்டும் ஏன்
தினமும் அவனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?"

துளையில் நுரை வைத்தேன்.
குமிழி ஒன்று பருத்து, சிறிது யோசித்து, வெடித்தது.
உள்ளே இருந்தது வெறும் காற்றுதான்.
இருந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

சுவருக்குள் பழைய ஈயக் குழாய்.
இருபத்திரண்டு வருஷம் முன்பு அடித்த ஆணி
அதைக் குத்திவிட்டுத்
தானே அதற்கு அடைப்பாகவும் நின்றிருக்கிறது.

இரினேயோ ஒரு தீப்பெட்டியைத் திறந்து
ஆணியை எடுத்து நீட்டினார்.
"மறுபடி அடித்துவிடலாமே,
இத்தனை வருஷம் தாங்கியதே."
"தாங்கவில்லை, தள்ளிப்போட்டது" என்றேன்.
தீப்பெட்டியை வாங்கிப் பார்த்தேன்.
நல்லவேளை, குச்சி ஒன்றுமில்லை.

ஈயத்துக்கு நான் ஒட்டுப்போடுவதில்லை.
சுவரைக் கீறி, கிளையை முழுசாய்ப் பிடுங்கி,
மரை வெட்டி, பசை பூசி
இரும்பு இறக்க இரண்டு நாள்.
மறுபடி காற்று, மறுபடி படி,
மறுபடி அரை மணி.
இந்தமுறை முள்
செத்த ஈயைப்போல் கிடந்தது.

"திறந்துவிடுங்களேன், யாருக்குத் தெரியப்போகிறது?"
வியாழனன்று இன்ஸ்பெக்டர் வருவார்.
அவர் கையெழுத்து விழும்வரை
பூட்டு பூட்டாகவே இருக்கும்.
என்னை அவர்கள் வைதது எனக்குப் புரியும்,
குளிர் அப்படி.

பூச்சுக் காய்வதற்குள்
குழாய் போகிற வழியெங்கும்
சாக்குக்கட்டியால் கோடு இழுத்தேன்.
"ஆணி அடிப்பதானால்
இதிலிருந்து இரண்டு சாண் தள்ளி."
இரினேயோ கையை விரித்து
கோட்டிலிருந்து அளந்தார், ஒரு தடவை,
பிறகு இன்னொரு தடவை.
எதை மாட்டப்போகிறார் என்று சொல்லவில்லை.

கீழே ஒடிலியா இன்னமும்
முதல் மாடி ஹீட்டரைத்தான்
சொல்லிக்கொண்டிருந்தாள்.