ஒன்பது அங்குலம்

(கோபன்ஹேகன், 1864 பிப்ரவரி)

விடியுமுன்னே துளைக்கோலோடு
ஏரிக்குள் நடந்து போவார் மோயென்ஸ்.
மூன்று இடத்தில் துளைப்பார், அளப்பார்,
கரைப் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுவார்:
ஏழு அங்குலம். தாங்கும்.

அந்தத் "தாங்கும்" இருந்தால்தான்
என் வீட்டில் அடுப்பு எரியும்.

சறுக்குக் காலணி வாடகைக்கு விடுபவள் நான்.
மணிக்கு நாலு ஸ்கில்லிங்.
குனிந்து வார் கட்டிவிட ஒன்று கூடுதல்.
இந்த நகரத்துச் சீமாட்டிகளின் கணுக்கால்களை
அவர்களுடைய தையல்காரியைவிட
எனக்கு நன்றாகத் தெரியும்.

போர் நடக்கையில் ஆட்டமா என்று
கேட்டு எழுதியது ஒரு பத்திரிகை.
வாசித்தவர்கள் அதை மடித்து
குளிருக்கு அடக்கமாய்ச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
சறுக்க வந்தார்கள்.

லாந்தர்கள். பித்தளை வாத்தியம்.
காயம்பட்டோர் நிதி உண்டியலைக் கழுத்தில் மாட்டி
வட்டமடிக்கும் இரண்டு பெண்கள்;
அவர்களைத் துரத்திப் பிடித்துக்
காசு போட வேண்டும், அதுவே ஒரு விளையாட்டு.
பாதிரியார் விழுந்தார். எல்லோரும் சிரித்தோம்.
அவரும்தான்.

எஸ்கில்டு தெற்கே, ஷ்லெஸ்விக்கின்
மண்மதில் காவலில் இருந்தான்.
"பயப்படாதே ஆல்வில்டா,
மதிலின் இரு முனையிலும் தண்ணீரும் சேறும்.
பகைவன் நீந்தித்தான் வரவேண்டும்"
என்று எழுதியிருந்தான்.

நானோ இரவுதோறும் சன்னல் திறந்து
விரலை எச்சிலாக்கி நீட்டி
வாடைக் காற்று வருகிறதா என்று பார்த்தேன்.
இன்னும் ஓர் அங்குலம், ஆண்டவரே.
இன்னும் ஒன்று.

சனிக்கிழமை பலகையில் ஒன்பது.
"இரண்டு ஆளைத் தாங்கும், நாலு குதிரையை,
எட்டு பீரங்கியை" என்றார் மோயென்ஸ்,
வருடா வருடம் சொல்லும் அதே வேடிக்கை.
வருடா வருடம் போல நானும் சிரித்துவைத்தேன்.

மாலையில் சேதி வந்தது.
மதிலைக் கைவிட்டு இரவோடிரவாகப் பின்வாங்கிவிட்டார்களாம்.
சதுப்பு உறைந்துபோனதாம். கழிமுகம் உறைந்துபோனதாம்.
நீந்த வேண்டியவன் இனி நடந்தே வரலாமாம்.

வாத்தியம் பாதியில் நின்றது.
காலணியைக் கழற்றாமலே சிலர்
கல்தெருவில் கிறீச்சிட்டபடி ஓடினார்கள்.
எங்கோ ஒரு கண்ணாடி உடைந்தது.
நான் பெட்டியைத் திறந்து எண்ணினேன்.
இருநூற்று ஆறு ஸ்கில்லிங்.
அந்தக் குளிர்காலத்தில் அதுதான் அதிகம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு கடிதம்:
"லாடத்தில் ஆணி இல்லாத குதிரைகள்,
ஆணி இல்லாத நாங்கள்,
ராத்திரி முழுக்க வழுக்கி விழுந்துகொண்டே வந்தோம்.
பார்த்திருந்தால் நீ சிரித்திருப்பாய்."

ஆனால் ஞாயிறு காலை
எனக்கு அதெல்லாம் தெரியாது.
மோயென்ஸ் துளைத்தார், அளந்தார், எழுதினார்.
எண் மட்டும்.
பக்கத்தில் அந்தச் சொல்லை எழுதவில்லை.

ஒரு சிறுமி வந்து மணையில் உட்கார்ந்து
காலை நீட்டினாள், காசையும்.
வாரை இழுத்துக் கட்டினேன்.
"வலிக்குது" என்றாள்.

ஒரு துளை தளர்த்திவிட்டேன்.